நூர்ஜகான் பார்த்து வந்த பிள்ளை

எனக்குக் கால் வீங்கியபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, வேடசந்தூர்ப் பக்கத்து மாமியார் வீட்டிலிருந்து சின்னாளப்பட்டிக்கு அருகே இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முதலில் பாதம் உப்பியது, பிறகு விரல்கள், பிறகு முகம். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அம்மா என்னை நிறுத்திக் காட்டினாள். ஈர்க்குச்சியாக வந்த மகள் தன் கைச்சோற்றில் எப்படித் தேறிவிட்டாள் பார் என்பது அவள் பெருமை. வந்தவர்களும் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, தாய்வீட்டுப் பூரிப்பு என்றால் இதுதான் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் பூரிக்காமல் இருந்தால்தான் தாய்வீட்டுக்குக் கெட்ட பெயர். கை நிறையப் போட்டிருந்த கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் அழுந்தித் தடம் விழுந்தது. அதையும் பிள்ளை நன்றாக வளர்வதற்கு அடையாளம் என்றே எடுத்துக்கொண்டோம்.

நானும்தான் நம்பினேன். நூற்பாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள், நாலு விஷயம் தெரிந்தவள் என்று எனக்குப் பெயர். தலைவலி வந்தபோது வெயில் என்றேன். கண்முன் பூச்சி பறந்தபோது தூக்கம் போதவில்லை என்றேன். மாமியார் ஊரில் இருந்தவரை கிராம சுகாதாரச் செவிலியர் மாதம் தவறாமல் பிரஷர் பார்த்து, எடை பார்த்து, சத்து மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். ஊர் மாறினால் செவிலியரும் மாறுவார், வந்த இடத்தில் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். வளைகாப்புக்கு வந்த உறவுக்கூட்டம் கலையட்டும், அப்புறம் போகலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம்.

அந்த ஊர்ச் செவிலியர்தான் இந்த ஊர்ச் செவிலியருக்குப் போன் போட்டு, இப்படி ஒரு பெண் உங்கள் பக்கம் வந்திருக்கிறாள், பதிந்தாளா என்று கேட்டிருக்கிறார். ஒருநாள் காலையில் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு இந்த ஊர்ச் செவிலியர் உள்ளே வந்தார். அம்மா வழக்கம்போல என் பூரிப்பைக் காட்டினாள். அவர் குனிந்து என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்தது போலக் குழி அப்படியே நின்றது. பிரஷர் பார்த்தார், செத்த நேரம் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தார். சிறுநீரில் ஒரு காகிதக் குச்சியை நனைத்துப் பார்த்தார். அது நிறம் மாறியது.

“இது பூரிப்பில்ல பெரியம்மா, வீக்கம். இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பணும்” என்றார்.

இந்த நோயைப் பற்றி டாக்டர்கள் எனக்குப் பிறகு சொன்னதை இங்கே எழுதுகிறேன், படிக்கிற யாருக்காவது உதவும். கர்ப்பத்தின் பின்பாதியில் சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். சிறுநீரகம் களைத்துப்போய் உடம்புக்கு வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகும். அதனால் நீர் கோத்து வீங்கும். அழுத்தம் மூளையைத் தொட்டால் தலைவலி, கண் மங்கல், கடைசியில் வலிப்பு. தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. மாத்திரையும் ஊசியும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். முழுத் தீர்வு பிள்ளையை வெளியே எடுப்பதுதான், அதற்கு நேரம் வந்திருந்தாலும் வராவிட்டாலும்.

நூற்றெட்டு வண்டியில் போகும்போது மதுரை ரோட்டுப் பலகைகள் எல்லாம் எனக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஆஸ்பத்திரியில் ஊசிக் குழாய் ஏற்ற நரம்பு தேடினார்கள். வீங்கிய கையில் வளையல் வரிசை மறித்துக்கொண்டு நின்றது. பிரசவம் முடியும் முன்னால் வளையலைக் கழற்றக் கூடாது என்று அம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். கழற்ற முடிந்தால்தானே. ஒரு சிஸ்டர் துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக நொறுக்கி எடுத்தார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அந்தச் சத்தம்வரைதான் எனக்கு நினைவு. அதன்பிறகு வலிப்பு வந்ததும், அவசரமாக வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்ததும் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டவை.

விழித்தபோது கை தானாக வயிற்றுக்குப் போனது. வயிறு இறங்கியிருந்தது. பொம்பளைப் பிள்ளை, மேலே பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றாள் அம்மா. உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன். அவள் தலையாட்டிவிட்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் நானும் அழுதேன்.

பெட்டி என்று எல்லோரும் சொல்வது பச்சிளங்குழந்தைப் பிரிவு. எடை குறைந்து, மாதம் குறைந்து பிறக்கிற பிள்ளைகளைச் சூடாக வைத்து, மூச்சுக்குத் துணை கொடுத்து வளர்க்கிற இடம். தொற்று பயத்தால் அங்கே தாயைத் தவிர வேறு யாரையும் விடமாட்டார்கள். பாட்டி கூடாது, அப்பா கூடாது, போன் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் தாய் எழுந்து நடக்க முடிந்தால்தான் அந்தச் சட்டம் நல்ல சட்டம். என் பிரஷர் இறங்கவில்லை. மறுபடி வலிப்பு வராமல் இருக்க ஒரு மருந்து ஏற்றினார்கள். அது ஏறும்போது உடம்புக்குள் வெந்நீர் ஓடுவது போல இருக்கும். அரையிருட்டில் சத்தமில்லாமல் படுக்க வைத்திருந்தார்கள். அது முடிந்து வார்டுக்கு வந்ததும் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்காரியை மேலே விடமாட்டார்கள். ஆக, என் பிள்ளையை எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் ரவி மட்டும், அறுவை அறையிலிருந்து மேலே கொண்டுபோகும் வழியில் ஒரு நொடி பார்த்திருக்கிறார். அவர் ஆலை பஸ் ஓட்டுகிறவர். காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு யூனிபாரத்தோடு வந்து நிற்பார். எப்படி இருந்தாள் என்று கேட்டேன்.

“துணியத்தான் பாத்தேன். நல்ல வெள்ளைத் துணி” என்றார்.

மூக்கு யாருடையது என்று கேட்டால், மூக்கு இருந்தது, அது நிச்சயம் என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி டம்ளர் கையில் இருந்திருந்தால் எறிந்திருப்பேன், ஆஸ்பத்திரியில் கொடுத்தது எவர்சில்வர்.

தினமும் மதியம் டாக்டர் அப்பாக்களைக் கூப்பிட்டு நிலவரம் சொல்வார். ரவி அதை ஒரு எழுத்து மாற்றாமல் வந்து ஒப்பிப்பார். மூச்சுக்கு மூக்கில் காற்றுக் குழாய் வைத்திருக்கிறது, எடை இறங்கியிருக்கிறது, மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு போட்டிருக்கிறது, சொல்ல முடியாது, பொறுத்திருந்து பார்ப்போம். இதில் பிள்ளை எங்கே இருக்கிறது? எனக்கு அவள் காது மடங்கியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். தூங்கும்போது வாய் திறந்திருக்கிறதா, அழுதால் எந்தக் குரலில் அழுகிறாள் என்று தெரிய வேண்டும். வார்டில் மற்ற பெண்கள் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். யாராவது வந்து பார்த்துவிட்டுப் பிள்ளை அப்பன் ஜாடை என்பார்கள். அந்த வார்த்தைக்காக நான் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. முகம் தெரியாத ஒருத்தியை நினைத்து எப்படி அழுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினால் வெள்ளைத் துணிதான் வந்தது.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலுக்கு நூர்ஜகான் வந்தாள்.

பேகம்பூர்க்காரி, என்னைவிட ஐந்தாறு வயது சிறியவள். நிலக்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்கும்போது வலி எடுத்து, அங்கேயே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் ஆகி, பிள்ளைக்கு மூச்சு வாங்கியதால் இங்கே அனுப்பியிருந்தார்கள். அவளுடைய மகனும் மேலே பெட்டியில். சுகப்பிரசவம் என்பதால் அவள் மறுநாளே நடமாடினாள். பால் கொடுக்கும் நேரம் வந்தால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மாடி ஏறிவிடுவாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தால் அடுத்த பால் நேரம்வரை நிறுத்தமாட்டாள். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது.

நான் பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை என்று அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை மாடியிலிருந்து இறங்கி வந்தவள் நேராக என் கட்டிலுக்கு வந்தாள்.

“அக்கா, உங்க புள்ளையப் பாத்துட்டு வாரேன். என் மகனுக்கு அடுத்த பெட்டிதான்.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். தையல் சுரீரென்றது. சொல்லு என்றேன்.

தலை நிறைய முடி, நெற்றியில் வந்து விழுகிறது என்றாள். துணிக்குள் எப்படிச் சுற்றி வைத்தாலும் வலது கையை வெளியே உருவிவிடுகிறாளாம். உருவி, விரல் ஐந்தையும் விரித்து, டிராபிக் போலீஸ் மாதிரி நீட்டிக்கொண்டே தூங்குகிறாளாம். பால் செத்த நேரம் தாமதமானால் போதும், அவள் அழுகிற அழுகையில் அந்த அறையில் இருக்கிற அத்தனை பிள்ளையும் எழுந்துவிடுமாம். வாய் உங்கள் வாய்தான் அக்கா என்றாள் நூர்ஜகான். அறிமுகமாகி ஒருநாள்கூட ஆகவில்லை, அதற்குள் என் வாயைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அதிலிருந்து என் பொழுது அவள் மாடி ஏறி இறங்குவதைச் சுற்றித்தான் ஓடியது. படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அவள் ஏதாவது ஒன்று கொண்டு வந்தாள். ஒருமுறை தும்மினாளாம், தும்மியதில் தானே பயந்துபோய் உதட்டைப் பிதுக்கினாளாம். ஒருமுறை சிஸ்டர் பாலாடைக் கிண்ணத்தில் பால் ஊட்டும்போது, பாலாடையின் மூக்கையே ஈறால் கவ்விப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். இடது புருவத்துக்கு மேலே எள்ளளவு சிவப்புத் தடம் இருக்கிறது, மாஷா அல்லாஹ், அது திருஷ்டிப் பொட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவள் சொன்னதையே நான் திரும்பச் சொல்ல வைப்பேன். அவளும் சலிக்காமல் சொல்வாள், இரண்டாம் முறை சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

மதியம் ரவி வந்து, மூக்குக் குழாய் இன்னும் எடுக்கவில்லையாம், பால் சரியாகச் செரிக்கவில்லையாம் என்று டாக்டர் சொன்னதைச் சொல்வார். நூர்ஜகான் சொன்ன பிள்ளைக்குக் குழாயே இல்லை. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று ஒருமுறை எனக்கே தோன்றியது. டாக்டர்கள் எப்போதும் ஒரு பங்கு கூட்டித்தான் பயமுறுத்துவார்கள், நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் தங்கள் மேல் வரக்கூடாது இல்லையா என்று ரவியிடம் வாதாடினேன். காதுக்கு இனிப்பாக இருந்ததை உண்மை என்று வைத்துக்கொண்டேன்.

பால் விஷயத்தையும் சொல்ல வேண்டும். குறைமாதத்தில் பிள்ளையை எடுத்ததாலும், வாய் வைத்துக் குடிக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லாததாலும் எனக்குப் பால் சுரக்கவில்லை. ஒரு சிஸ்டர் வந்து கையால் பீய்ச்சி எடுக்கச் சொல்லிக் கொடுத்தார். வலிக்க வலிக்கப் பிழிந்தால் கிண்ணத்தின் அடி நனையும், அவ்வளவுதான். அம்மா பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொண்டுவந்தாள், ரவி எங்கெங்கோ அலைந்து பால்சுறாக் கருவாடு வாங்கிக் கொடுத்துவிட்டார். ஒன்றுக்கும் அசையவில்லை. அன்றைக்கு நூர்ஜகான் வந்து, பாலாடை காலியானதும் உங்கள் மகள் கையை நீட்டி நீட்டி அழுதாள் அக்கா, இன்னும் கேட்கிறாள் போல என்றாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் ஊசி குத்தியது போல இருந்தது. குனிந்து பார்த்தால் நைட்டி முன்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. அம்மா கிண்ணத்தைத் தேடி ஓடினாள். நிரம்பிய கிண்ணத்தில் என் ஆஸ்பத்திரிச் சீட்டு எண்ணை ஒட்டி சிஸ்டர் மேலே கொண்டுபோனார்.

காய்ச்சல் விட்டு, பிரஷர் மட்டுப்பட்ட ஒரு காலையில், பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டேன். பொட்டை எடுக்கச் சொல்வார்கள் என்று அம்மா சொன்னாள். எடுக்கும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மாடி வாசலில் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, பச்சைக் கவுன் மாட்டிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி உள்ளே போனேன்.

போனதும் இடதுபக்கம் கண்ணாடி அறை. இரண்டாவது பெட்டியில் தலை நிறைய முடியோடு ஒருத்தி. வலது கை துணிக்கு வெளியே. ஐந்து விரலும் விரிந்திருந்தன. புருவத்துக்கு மேலே அந்தச் சிவப்புத் தடம்கூடத் தெரிந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவில் கை வைத்துவிட்டேன்.

சிஸ்டர் என் முழங்கையைப் பிடித்தார்.

“அங்க இல்லம்மா. உங்க புள்ள இந்தப் பக்கம்.”

அவர் என்னைத் தாண்டி நடந்தார். பின்னாலேயே போனேன், தலை மட்டும் திரும்பிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் இன்னொரு அறை. இந்த ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு அறை, வெளியே பிறந்து கொண்டுவரப்படும் பிள்ளைகளுக்கு வேறு அறையாம். வெளியிலிருந்து வருகிற தொற்று இங்கே உள்ள பிள்ளைகளுக்கு ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக. நூர்ஜகானின் மகன் நிலக்கோட்டையிலிருந்து வந்தவன், அதனால் முதலில் பார்த்த அந்தக் கண்ணாடி அறை. அவள் என் பிள்ளை இருந்த அறைக்குள் ஒருநாளும் நுழைந்ததே இல்லை.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும்வரை அங்கே தாயின் பெயர்தான் அதன் பெயர். என்னுடையது கவிதா பிள்ளை, அவளுடையது நூர்ஜகான் பிள்ளை, அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் படித்த வகுப்பில் மட்டும் மூன்று கவிதாக்கள் இருந்தோம், இனிஷியல் சொல்லித்தான் வருகைப்பதிவு எடுப்பார்கள். அந்த அறையிலும் ஒரு கவிதா பிள்ளை இருந்தது. அதன் அம்மா பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய் வத்தலக்குண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பிள்ளை மட்டும் வண்டியில் இங்கே வந்திருந்தது. அதைப் பார்க்கவும் ஒருத்தரும் வரவில்லை. கவிதா பிள்ளை எது என்று நூர்ஜகான் கேட்டிருக்கிறாள், யாரோ கை காட்டியிருக்கிறார்கள்.

என் மகள் கடைசிப் பெட்டியில் இருந்தாள். முடி இல்லை, பழத்தின் மேலே இருக்கும் பூம்பஞ்சு மாதிரி ஏதோ இருந்தது. கையும் காலும் துணிக்குள். முந்தின நாள்தான் மூக்குக் குழாயை எடுத்திருந்தார்கள், பிளாஸ்திரி ஒட்டிய தடம் கன்னத்தில் சிவந்து கிடந்தது. தோலுக்கு அடியில் நரம்பெல்லாம் தெரிந்தது. சத்தமே இல்லை. அழமாட்டாளா என்று சிஸ்டரிடம் கேட்டேன். அழுவதற்குத் தெம்பு வரவேண்டும் இல்லையா, வரும் என்றார்.

எனக்கு வந்தது ஏமாற்றம். இதை எழுதக் கூடாது என்று அம்மா சொன்னாள், எழுதத்தான் வேண்டும். இவள் யார் என்றுதான் மனம் கேட்டது. என் பிள்ளை அந்த அறையில் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. இத்தனை நாள் நான் கொஞ்சியது அவளை. எனக்குப் பால் வந்தது அவளை நினைத்து. ஆனால் எண் ஒட்டிய கிண்ணம் தவறாமல் இந்தக் கடைசிப் பெட்டிக்குத்தான் வந்திருக்கிறது. அதை நினைத்ததும்தான் அழுகை வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நூர்ஜகானிடம் அன்று முழுக்க நான் பேசவில்லை. விஷயம் தெரிந்து அவள் முகம் வெளுத்துவிட்டது. சாயங்காலம் என் கட்டில் ஓரத்தில் வந்து நின்றாள்.

“நான் பொய் சொல்லலக்கா. அந்தப் புள்ள அப்படித்தான் இருந்துச்சு.”

எனக்குத் தெரியும் என்றேன். அவள் போர்வை நுனியைத் திருகிக்கொண்டு, உங்கள் பிள்ளையைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்றாள். அவள் மேல் கோபப்பட என்னிடம் ஒரு காரணமும் இல்லை. பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தேன். இரண்டு நாளில் அவள் மகனுக்கு மூச்சு சீராகி வீட்டுக்குப் போனாள். போகும்போது அவனை என் மடியில் வைத்து எடுத்தாள்.

அதன்பிறகு என்னைக் கங்காரு அறையில் உட்கார வைத்தார்கள். சாய்வு நாற்காலிகள் போட்ட சின்ன அறை. சட்டைக்குள், நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையை நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிவிடுவார்கள். பெட்டியின் சூட்டைவிடத் தாயின் உடம்புச் சூடு எடை குறைந்த பிள்ளைக்கு நல்லது, மூச்சும் சீராகும் என்று விளக்கினார்கள். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம் கூட இருப்பாள். என் மேல் ஏதோ இருக்கிறது என்பதே தெரியவில்லை. முதல் நாள் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தும் மனம் பக்கத்து அறையில் இருந்தது. அடுத்த நாள், இவளை எடுத்துப் பெட்டியில் வைத்தபோது நெஞ்சில் இவள் இருந்த இடம் குளிரில் சில்லிட்டது. அந்தக் குளிர்தான் எனக்கும் அவளுக்கும் முதல் பழக்கம்.

பழகப் பழக வேறொரு ஏக்கம் பிடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து நான் பார்க்கும்வரை இவள் என்ன செய்தாள்? தும்மினாளா? தூக்கத்தில் சிரித்தாளா? பணியில் இருந்த சிஸ்டரிடம் கேட்டேன். அவர் பாவம், இருபது பிள்ளைகளைப் பார்க்கிறவர். நன்றாகத்தான் இருந்தாள் அம்மா, எடை இறங்கியது, அப்புறம் ஏறிக்கொண்டது என்றார். டாக்டர் ரவியிடம் சொன்னதும் அதுதான். மூச்சும் எடையும் மஞ்சளும். என் மகளின் அந்த நாட்களில் இருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், இனிமேலும் கிடைக்காது. இன்றைக்கு அவள் வீடு முழுக்க ஓடுகிறாள், பேசிப் பேசி வாய் ஓயவில்லை. தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். காணாததைக் கண்டது போல என்ன பார்வை என்று ரவி கேலி செய்வார். காணாததுதான். அதை எங்கே போய்க் காண்பது?

வத்தலக்குண்டு கவிதா வந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

நான் மகளைக் கட்டிக்கொண்டு கங்காரு அறையில் இருந்தபோது ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இருபது வயதுதான் இருக்கும், ரத்தம் போய் உதடெல்லாம் வெளிறிக் கிடந்தது. பிள்ளையை எடுத்து வருகிறேன் என்று சிஸ்டர் போனார். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் கேட்டேன். சொன்னாள்.

“புள்ள என்னயத் தெரிஞ்சுக்குமாக்கா? இம்புட்டு நாளா ஒரு தடவகூடப் பாக்கல. ஆரும் ஒண்ணும் சொல்லவுமில்ல.”

நான் சொன்னேன். முடி நெற்றியில் விழுவதை, வலது கையை உருவிக்கொள்வதை, தும்மிவிட்டுப் பயந்ததை, பாலாடையைக் கவ்வியதை, புருவத்துத் தடத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். நூர்ஜகான் கூட்டிச் சொன்னதையும் விடாமல் கூட்டியே சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல என்னிடமிருந்து ஏதோ கழன்று போனது, வலித்தது, ஆனாலும் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் சிஸ்டர் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் நெஞ்சில் வைத்தார். உடனே வலது கை வெளியே வந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

“உங்க புள்ளையப் பத்தி உங்களுக்கு ஆருக்கா வந்து சொன்னா?”

யாரும் சொல்லவில்லை என்றேன். கங்காரு முறையில் கட்டியிருக்கும்போது தாய்க்குப் பிள்ளையின் முகம் சரியாகத் தெரியாது. குனிந்தால் குல்லாதான் தெரியும். அவள் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து என் பக்கம் சாய்ந்து, என் சட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“கண்ணத் தொறந்திருக்காக்கா. மேல ஒங்க நாடியவே பாத்துக்கிட்டுக் கெடக்கா.”

நான் அசையாமல் இருந்தேன். இன்னும் என்ன செய்கிறாள், பார்த்துச் சொல்லு என்றேன்.